நண்டு அவிகிற அறையின் காற்று

எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை. என் மகளுக்கு இன்னும் கடைவாய்ப் பற்களே முழுதாக முளைக்கவில்லை. ஆனாலும் நான் வேலை செய்த நண்டுத் தொழிற்சாலையில் என்னை ‘ரிட்டயர்ட் அக்கா’ என்றுதான் சொல்கிறார்களாம். இதைச் சொன்னவள் நிவேதா. நாகப்பட்டினத்துப் பெண். மீன்வளம் படித்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். இப்போது என் இடத்தில் தரக் கட்டுப்பாட்டு அலுவலராக இருக்கிறாள்.

“அக்கா, நீங்க இருந்தப்போ எப்படி வேலை பாத்தீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். மேனேஜர் அந்தோணி சாரைக் கேட்டா சிரிக்கிறார், அவ்வளவுதான்” என்றாள் தொலைபேசியில்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பலமுறை எழுதி அழித்தேன். எழுதுவது முறையா, யாருக்காவது பாதகமாகுமா, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசித்து யோசித்தே ஒரு வாரம் போனது.

“உமக்கேன் இந்தத் தலையிடி? வேலையை விட்டாச்சு. பிள்ளையைப் பாரும்” என்றார் கணவர்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் தூக்கத்தில் ஒருமுறை இருமினால் என் கை நின்றுவிடுகிறது. சாதாரணத் தடிமன், வெறும் சளி என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வைத்தியர் சொன்னதை நம்ப வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் மீன்பிடியியல் படித்தேன். திருமணமாகி லண்டன் வந்து உணவுப் பாதுகாப்பில் மேற்படிப்பு முடித்தேன். வேலை கிடைக்காமல் ஒரு பல்பொருள் அங்காடியில் நின்று பொருட்களை ஸ்கான் செய்தேன். பிறகு கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், ஒரு தொழிற்பேட்டையின் கடைசியிலிருந்த நண்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கோட்டும் நீலத் தொப்பியும் தந்தார்கள். ‘ஒபிசர்’ என்று அட்டை தந்தார்கள். ஊருக்குப் படம் அனுப்பினேன்.

காலையில் லொறி வரும். உள்ளே கடல்நீர்த் தொட்டிகள். தொட்டிகளில் உயிர் நண்டுகள். இங்கே பிடிபடுவது நம் ஊர் நீலக்கால் நண்டல்ல. இறைச்சி வைத்த பணிஸ் ரொட்டி போல உருண்டு, பழுப்பு நிறத்தில், இரண்டு கறுத்த இடுக்கி நுனிகளோடு இருக்கும். அதைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கியதும் கால்களை மடக்கிக்கொண்டால் நல்ல நண்டு. கால்கள் தொங்கினால் பயணத்தில் களைத்த நண்டு. அதை ஒதுக்க வேண்டும். கண்ணருகே விரலால் தட்டினால் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மல்லாத்திப் போட்டு அடியோட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஓடு நெளிந்தால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டு என்று அர்த்தம். உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகமிருக்கும். ஓட்டில் சிப்பியும் பாசியும் ஒட்டி அழுக்காக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும். ஓடு பழசு, சதை நிறைந்திருக்கும். அழகான நண்டை நம்பாதே என்று நிவேதாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஐரோப்பாவின் வரைபடத்தை நான் இந்த நண்டுகளின் வழியாகத்தான் படித்தேன். ஸ்கொட்லாந்தின் தீவுகள், அயர்லாந்தின் மேற்குக் கரை, டெவன், கோர்ன்வோல், சில மாதங்களில் பிரான்சின் வடமேற்குக் கரை. ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் உயிரோடு, உள்ளே நிறைந்த பெண் நண்டு வேண்டும். பிரெஞ்சுக்காரர் முழு நண்டை மேசையில் வைத்துத் தாங்களே உடைத்துச் சாப்பிடுவார்கள். நோர்வேக்காரர் தங்கள் பெரிய சிவப்பு நண்டை விமானத்தில் ஏற்றித் தூர தேசத்துக்கு விற்பார்கள். ஒல்லாந்தின் சின்ன இறால் கோது உரிக்கப்படுவதற்காகவே மொரோக்கோவுக்குப் போய்த் திரும்பி வரும். ஆங்கிலேயருக்கு நண்டின் சுவை வேண்டும், நண்டை உடைக்கும் வேலை வேண்டாம். கழுவிய ஓட்டுக்குள் சதையை நிரப்பி, எலுமிச்சைத் துண்டு வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த உடைக்கும் வேலைதான் எங்கள் தொழிற்சாலை.

முன்பு அந்த வேலையை லித்துவேனியப் பெண்களும் ருமேனியப் பெண்களும் செய்தார்களாம். இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிறகு போனவர்கள் திரும்பவில்லை, புதியவர்கள் வரவில்லை. அப்போதுதான் நம்மவர்களைத் தேடினார்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்தும் இல்போர்ட்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அதே பிரிவினால் உயிர் நண்டு கடல் தாண்டிப் போவதற்கு மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயமானது. ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு அதை நான்தான் ஒழுங்கு செய்வேன்.

“நண்டுக்கு டொக்டர் வீடு தேடி வாறார்” என்பார் புவனா அக்கா. “நான் என்ர ஜிபி டொக்டரைப் பாக்கக் காலமை போனைத் தூக்கிக்கொண்டு தவம் கிடக்கிறன். அடுத்த பிறப்பிலயாவது ஸ்பெயினுக்குப் போற நண்டாப் பிறக்க வேணும்.”

நண்டு உடைக்கும் மேசைகளில் நின்ற எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவின் வாய்க்கு அங்கே ஒரு தனி மரியாதை இருந்தது.

புவனா அக்கா வடமராட்சி. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகன் குரொய்டனில் குடும்பத்தோடு இருக்கிறான். அக்கா ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். “மருமகளின்ர குசினியில தேத்தண்ணி போட அனுமதி கேக்கிற சீவியம் எனக்கு வேண்டாம்” என்பார். அந்த அறையும் அந்த வேலையும் அவருக்கு ஒன்றுதான். ஒன்று போனால் மற்றதும் போகும்.

அவர் நின்றது காற்று மேசை. அவித்த நண்டுக் காலின் நுனியை வெட்டிவிட்டு, மேசையிலுள்ள குழாயில் வைத்து, காலடியிலுள்ள மிதியை அழுத்தினால் அழுத்தக் காற்று பாய்ந்து சதை முழுதாக வெளியே துள்ளும். கையால் நோண்டினால் ஒரு காலுக்கு எடுக்கும் நேரத்தில் பல கால்களை முடிக்கலாம். சதையோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஈரத் தூளும் பறக்கும். மேசைக்குப் பின்னால் அவிக்கும் தொட்டிகள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆவி எழுந்து அறை முழுவதும் பரவும். ஆவியை இழுக்க வேண்டிய மின்விசிறிகளில் ஒன்று நான் சேர்ந்த நாளிலிருந்தே ஓடவில்லை. மற்றது ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

இனி அந்தோணி சாரைப் பற்றி. அவர்தான் உற்பத்தி மேலாளர். தூத்துக்குடிக்காரர். அங்கே இறால் ஏற்றுமதி ஆலைகளில் வேலை பார்த்து, துபாய் போய், லண்டன் வந்தவர். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருப்பார். ஆவியில் கண்ணாடி மங்கும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடியும்வரை நாம் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எல்லோருக்கும் ‘நீங்க’தான். கட்டளை போட வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் பேசுவார். ஏதாவது நம்மிடம் வேண்டுமென்றால் தமிழுக்கு வருவார். அவர் தமிழில் தொடங்கினால் நான் மனதைக் கட்டிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

எதைச் சொன்னாலும் அவரது முதல் வார்த்தை, “நீங்க சொல்றது நியாயம் மேடம்” என்பதுதான். அதற்குப் பிறகு எதுவும் நடக்காது. அவரைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியவில்லை. பெண்களுக்குக் குளிர்காலத்தில் தன் கையாலேயே தேநீர் வைத்துக் கொடுப்பார். கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ சண்டை போட்டிருப்போம்.

புவனா அக்காவின் இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் எல்லோரும் இருமுவார்கள். மூக்கு ஓடும், கண் சிவக்கும். “நண்டுத் தடிமன்” என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லூயிஷாம் சிவன் கோவிலில் அக்கா தேவாரம் பாடினார். மூச்சு அறுபடாமல், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, கணீரென்று பாடினார். இந்த மனிசியா நம் காற்று மேசையில் ஒரு பகிடியைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து நிறுத்துகிறவர் என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன். திங்கள் காலை நன்றாக இருப்பார். செவ்வாய் நெஞ்சைத் தடவுவார். வியாழனில் படியேறும்போது கைப்பிடியில் நிற்பார். கனடாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தபோது இருமலே இல்லை. வந்து வேலைக்கு ஏறிய வாரத்திலேயே திரும்பியது.

சாப்பாட்டு அறையில் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

“அக்கா, ஜிபி என்ன சொன்னவர்?”

“மூச்சுக்கு இழுக்கிற நீலப் பம்ப் தந்தவர். இழு எண்டார். இழுக்கிறன்.”

“என்ன வேலை எண்டு கேட்டவரோ?”

“கேட்டவர்.” அக்கா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். “கிச்சின் எண்டு சொன்னனான்.”

“ஏன் அக்கா?”

“பின்ன? நண்டு உடைக்கிறன் எண்டு சொல்லச் சொல்லுறீரோ? அங்க ரிசெப்ஷனில இருக்கிறது எங்கட ஊர்ப் பெட்டை. நாளைக்கே ஊரெல்லாம் பறையும். வாத்தியாரின்ர மகள் மீன் வெட்டுறாளாம் எண்டு.”

குரொய்டனில் இருக்கும் மகனுக்கே அவர் ‘பாக்டரி ஒபிசில்’ வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தார். ஊரில் மீன் வேலைக்கு இன்னின்னார் என்று ஒரு கணக்கு உண்டு. அக்கா அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, நண்டினால் வந்த இருமலுக்குச் சமையலறைக்காரியின் இருமலுக்கான மருந்தை வாங்கிக்கொண்டிருந்தார். வைத்தியருக்கு நண்டு என்ற ஒரு சொல் போயிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். நண்டை அவிக்கும் ஆவியிலும் உடைக்கும் தூளிலும் இருக்கிற புரதம் நுரையீரலைக் கெடுக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லா நாட்டுக்காரருக்கும் தெரியும். நோர்வேயிலிருந்து வந்த ஒரு கொள்வனவாளர் எங்கள் அறைக்குள் வந்த கையோடு, “உங்கள் விசிறி எங்கே?” என்றுதான் கேட்டார். அந்தோணி சார் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் அவரிடம் போனேன். விசிறியைத் திருத்த வேண்டும், தொட்டிகளுக்கு மேல் ஆவியை இழுக்கும் புகைக்கூடு பொருத்த வேண்டும், காற்று மேசையில் நிற்பவர்களுக்கு நல்ல முகக்கவசம் வேண்டும் என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

“நீங்க சொல்றது நியாயம் மேடம். கிறிஸ்மஸ் ஆர்டர் முடியட்டும். இப்ப லைனை நிறுத்தி ஆள் வரவழைச்சா என் கழுத்தைப் புடிப்பாங்க.”

என் அதிகாரம் என்னவென்று அன்று உட்கார்ந்து யோசித்தேன். உணவுக்குக் கேடு என்றால் நான் ஒரு கையை உயர்த்தி உற்பத்தியையே நிறுத்தலாம். மேலாளரும் மறுக்க முடியாது. உணவைத் தொடும் ஆளுக்குக் கேடு என்றால் நான் ‘கருத்துத் தெரிவிக்கலாம்’. அதுதான் என் வேலையின் எல்லை.

அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. வேலையில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அறைக்குள் நுழையும்போதெல்லாம் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?

ஒருநாள் காலை, அவித்து ஆறவைத்த நண்டுகளின் தட்டில் ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரையின் அடிப்பக்கம் முழுவதும் வியர்த்திருந்தது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, துளியாகத் திரண்டு, சொட்டிக்கொண்டிருந்தது. அவித்த உணவின்மேல் கூரைத் தண்ணீர் சொட்டுவது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத விஷயம். அதில் கிருமி இருக்கும். ஆவி இல்லாவிட்டால் துளி இல்லை. துளியை நிறுத்த வேண்டுமென்றால் ஆவியை வெளியே இழுக்க வேண்டும். கையை உயர்த்தினேன்.

லைன் நின்றது. அழுத்தக் காற்று நின்றதும் அந்த அறை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

“என்ன பிள்ளை, நண்டு ஸ்ட்ரைக்கோ?” என்றார் புவனா அக்கா.

அந்தோணி சார் வந்தார். அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். தமிழில் தொடங்கினார். “மேடம், துளிதானே. கொஞ்சம் தட்டைத் தள்ளி வெச்சா ஆகாதா?”

“ஆகாது சார். ஆவியை எடுத்தால்தான் நிற்கும்.”

“நீங்க சொல்றது நியாயம்.”

இந்தத் தடவை உடனே நடந்தது. மதியத்துக்குள் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். புகைக்கூடு வரப்போகிறது என்று நான் நினைத்தேன். பெண்களும் நினைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது தடித்த, தெளிவான பிளாஸ்டிக் தகடு. அதைக் கூரைக்குக் கீழே, மேசைகளின்மேல், சாய்வாகக் கட்டினார்கள். விளிம்பில் தண்ணீர் வடிந்து ஓட ஒரு பீலி. கூரைத் துளி தகட்டில் விழும், தகட்டில் வழிந்து பீலிக்குப் போகும், பீலியிலிருந்து சாக்கடைக்கு. உணவில் ஒரு சொட்டும் படாது.

நான் துளியைப் பற்றித்தான் முறைப்பாடு செய்திருந்தேன். துளிக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வந்த தணிக்கையாளர் அந்தத் தகட்டைப் பார்த்துப் பாராட்டினார். “எங்க மேடம் ஐடியா” என்று அந்தோணி சார் என்னைக் காட்டினார். நான் மறுத்தேனா, சிரித்தேனா என்று இப்போது யோசித்தாலும் நினைவு வரவில்லை.

முன்பு ஆவிக்கு மேலே போக இடம் இருந்தது. இப்போது தலைக்கு மேலேயே ஒரு கூரை. காற்று மேசையில் நின்றவர்களின் முகத்தோடு முகமாக ஆவி நின்றது. பெண்களின் இமைகளில் துளி தொங்கியது.

நான் மறுபடி அவரிடம் போனேன். ஒரு தடவையல்ல. குற்றம் என்னுடையது என்று இங்கே எழுதினால் பலருக்கு வசதியாக இருக்கும். எழுதமாட்டேன். விசிறி கேட்டவளுக்குத் தகடு கொடுத்தார்கள். ஆனாலும் வேறு ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தியிருக்கலாமோ, நிறுத்தாமலே விட்டிருக்கலாமோ என்று இரவில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது நினைப்பு வரத்தான் செய்கிறது.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன், புவனா அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். தோள்கள் காதுவரை ஏறின. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நீலப் பம்ப் அவருடைய லொக்கரில் இருந்தது; உற்பத்தி அறைக்குள் சொந்தப் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அந்த விதியை நடைமுறைப்படுத்துகிறவள் நான். யாரோ ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். அறைக்கு வெளியே நடைக்குக் கொண்டுபோய் இருத்தினோம். அக்காவின் உதடு நிறம் மாறியிருந்தது.

“அக்கா, மெதுவா. மெதுவா இழுங்கோ.”

அவர் என் கையைப் பிடித்த பிடியில் கையுறை கிழிந்தது. ஏதோ சொல்ல முயன்றார். கிட்டப் போய்க் கேட்டேன்.

“மகனுக்கு… சொல்லாதையும்.”

அம்புலன்ஸ் வந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார். அந்தோணி சார் மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். உண்மையான கவலையோடுதான் போனார். அதை நான் பார்த்தேன். அந்த நேரத்திலும் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் இடத்தில் வேறொருவர் மிதியை அழுத்தினார்.

புத்தாண்டு கழிந்து நிறுவனம் அமர்த்திய சுகாதாரத் தாதி தொலைபேசியில் விசாரித்தார். அந்தோணி சாரின் அறையில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அக்கா, சார், மொழிபெயர்க்க நான். வேலையினால் வந்த ஆஸ்துமா என்றால் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், அதற்கு முன்பே இருந்தது என்றால் அது வேறு கதை என்று சார் எனக்கு முதலிலேயே விளக்கியிருந்தார். தமிழில்.

தாதி கேட்டார், சிறுவயதில் உங்களுக்கு மூச்சுக் கஷ்டம் இருந்ததா என்று. நான் தமிழில் கேட்டேன்.

“ஓம்” என்றார் அக்கா. பொய் சொல்லத் தெரியாது, நண்டு விஷயத்தைத் தவிர. “சின்னனில முட்டு இருந்தது. பெரியபிள்ளையானாப் பிறகு ஒருநாளும் இல்லை. இஞ்ச வந்தும் இல்லை. இந்த மேசைக்கு வந்தாப் பிறகுதான்.”

முழுவதையும், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். “அப்படியென்றால் சிறுவயதிலிருந்தே” என்றார் தாதி. இல்லை, இடையில் எதுவும் இல்லை என்றேன். “ஆம், சிறுவயதில் தொடங்கியது” என்றார். விசிறி ஓடவில்லை என்றும் சொன்னேன். அது அக்கா சொன்னதா, நான் சொல்வதா என்று கேட்டார். நான் சொல்வது என்றேன். மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தைச் சேர்க்க வேண்டாம் என்று மிகவும் பண்பாகச் சொன்னார். எதிரே அந்தோணி சார் சிரித்தார். நிவேதா சொன்ன அதே சிரிப்பு. ஏளனமில்லை. ஒரு வேலை நல்லபடியாக முடிந்தது என்பது போல.

அக்காவுக்குக் குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை தருகிறோம் என்றார்கள். குளிர்காற்று நெஞ்சை இன்னும் இறுக்கியது. இரண்டு வாரத்தில் அவராகவே வேலையை விட்டார். அறையையும் விட்டார். இப்போது குரொய்டனில் மகன் வீட்டில், மாடியறையில் இருக்கிறார்.

எனக்கும் அதற்குள் நெஞ்சு இறுகத் தொடங்கியிருந்தது. நான் என் வைத்தியரிடம் நண்டு என்று தெளிவாகச் சொன்னேன். அதனால் நான் சிறப்பு வைத்தியரைப் பார்த்தேன். ஊத வைத்துப் பார்த்தார்கள், தோலில் குத்திப் பார்த்தார்கள். ஒருமுறை நுரையீரல் நண்டை எதிரியாக எடுத்துக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் போதும், அந்த அறைக்குள் இனிப் போகாதே என்றார் சிறப்பு வைத்தியர். மகப்பேற்று விடுமுறையில் வெளியே வந்தவள் திரும்பவில்லை. வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் போட்டுத்தான் வீட்டுக்குள் போவேன், பிள்ளை வயிற்றில் இருந்த அந்த நாட்களில். ஆனால் தலைமுடி? கைப்பை? பிள்ளையின் ஒவ்வொரு இருமலும் எனக்கு ஒரு கேள்வி. கணவர் சிரிக்கிறார். “உலகத்தில எல்லாப் பிள்ளையும் இருமுங்கள், நண்டு கண்டதுகளோ?” என்கிறார்.

தொலைபேசிப் பேச்சின் முடிவில் நிவேதா சொன்ன செய்தி ஒன்று இருக்கிறது. நண்டுச் சதையில் ஓட்டுத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் புதிய இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். அதன் கண்ணாடியில் ஆவி படக் கூடாதாம். படிந்தால் இயந்திரம் நின்றுவிடும். அதனால் அவிக்கும் தொட்டிகளுக்கு மேல் பளபளக்கும் புகைக்கூடு பொருத்தி, இரண்டு விசிறியையும் மாற்றி, பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிவிட்டார்களாம். ஒரு வார இறுதியில் எல்லாம் முடிந்ததாம்.

“இப்போ ரூம் சூப்பரா இருக்குக்கா. மூச்சு விட முடியுது” என்றாள்.

அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நல்ல பெண். அந்தத் தகடு அங்கே ஏன் இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இனி தெரிந்துகொள்ளட்டும். கைக்கு எட்டிய விதியைப் பிடித்துக்கொண்டு மனிதரைக் காப்பாற்றலாம் என்று நினைக்காதே என்று மட்டும் அவளுக்குச் சொல்வேன். எதை வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லியே கேள், எழுதிக் கேள், அவர்களுக்கு மேலே இருப்பவர்களிடமும் கேள். அப்படிக் கேட்டாலும் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

புவனா அக்காவுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவருக்குத் தெரிய வேண்டிய உரிமை உண்டு என்று பட்டது. அழைத்துச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அந்தோணி சாரையும் இயந்திரத்தையும் சேர்த்து ஒரு பகிடி விடுவார், இரண்டு பேருமாகச் சிரித்துவிடலாம் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அக்கா சிரிக்கவில்லை.

“அப்ப இப்ப ஆவி இல்லையோ?” என்றார்.

“இல்லையாம் அக்கா.”

“அப்ப எனக்கு ஏலும்தானே, பிள்ளை.” குரலில் ஒரு அவசரம். “காத்து மேசை வேண்டாம். ஓட்டுக்குள்ள சதை நிரப்புற மேசையில விட்டாலும் காணும். கிழமைக்கு ரண்டு நாள் எண்டாலும் பரவாயில்லை. நீர் ஒருக்கா அந்தோணியாரிட்டக் கேளும்.”

சிறப்பு வைத்தியர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் பட்டாலும் போதும் என்றேன். ஆவி போனாலும் நண்டு அங்கேதான் இருக்கிறது என்றேன்.

“உம்மட டொக்டர் உமக்குச் சொன்னது. எனக்கில்லை.”

“அக்கா, ஏலாது. திரும்ப அப்படி வந்தால்…”

“இஞ்ச நான் தேத்தண்ணி போடுறதெண்டாலும் மருமகளைக் கேக்க வேண்டிக் கிடக்கு. உமக்கு அது விளங்குதோ?”

“விளங்குது அக்கா.”

“விளங்கேல்லை. அப்ப நான் கேளாமலே எனக்காகக் கதைச்சனீர். இப்ப வாய்விட்டுக் கேக்கிறன், கதைக்க மாட்டன் எண்டுறீர். சரி, அவரின்ர நம்பரைத் தாரும். நான் கதைக்கிறன்.”

நம்பர் என்னிடம் இருந்தது. மகள் காலடியில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“தரமாட்டன் அக்கா.”

மறுமுனையில் அவர் பதில் சொல்லத் தொடங்கினார். சொல் வருவதற்கு முன் இருமல் வந்தது. குரொய்டனில், மகன் வீட்டு மாடியறையில், வேலையை விட்டு இவ்வளவு காலத்துக்குப் பிறகும், நண்டின் வாடையே இல்லாத இடத்தில், நீளமான, அடியிலிருந்து வரும் அந்த இருமல். அது முடியட்டும் என்று தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிவதற்குள் அவர் வைத்துவிட்டார்.